பல் தேய்க்கும்போது ரத்தமா? ஈறைக் கரைப்பது கிருமி மட்டுமல்ல... நம் உடம்பும்தான்!

வாஷ்பேசினில் துப்பிய நுரை இளஞ்சிவப்பாக இருந்தது. முதல் நாள், 'பிரஷ் குத்தியிருக்கும்'னு விட்டுட்டேன். மறுநாளும் அதே நிறம். மூன்றாவது நாள் நான் செய்த காரியம்தான் இந்தக் கட்டுரைக்கே காரணம். ரத்தம் வந்த வலது பக்கக் கீழ்ப்பற்களை மட்டும் தொடாமல், மற்ற இடங்களைத் தேய்க்க ஆரம்பித்தேன். முழங்காலில் சிராய்ப்பு வந்தால் தொடாமல் விட்டாலே ஆறிடுமே... ஈறும் அப்படித்தானே என்று நினைப்பு.

ஆறவில்லை. ஆனால் வலிக்கவும் இல்லை. வலிக்காததால் எட்டு மாதம் ஓடிவிட்டது. ஒருநாள் கொய்யாக்காயைக் கடித்தபோது, கடித்த இடத்தில் சிவப்பாகக் கோடு. அன்றைக்குத்தான் பல் மருத்துவரிடம் போனேன்.

அவர் எக்ஸ்ரேவுக்கு முன்பே ஒரு மெல்லிய கம்பியை எடுத்தார். அதில் மில்லிமீட்டர் கோடுகள் இருந்தன. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே அதை மெதுவாக இறக்கி, ஒவ்வொரு பல்லாக எண் சொல்ல, உதவியாளர் எழுதிக்கொண்டே வந்தார். "மூணு... ரெண்டு... மூணு... அஞ்சு." அந்த 'அஞ்சு' வந்தது நான் எட்டு மாதமாக பிரஷ் படாமல் பாதுகாத்த இடத்தில்.

"கிருமி ஆரம்பிச்சு வைக்குது தம்பி. ஆனா ஈறைக் கரைக்கிற வேலையைப் பெரும்பாலும் உங்க உடம்பேதான் செய்யுது" என்றார். அந்த ஒரு வரிக்கு விளக்கம் தேடிப் போனதில் கிடைத்தவைதான் இனி வருபவை.

ஆணி அல்ல, ஊஞ்சல்!

பல் என்பது சுவரில் அடித்த ஆணி மாதிரி எலும்பில் நேராகச் செருகப்பட்டிருக்கிறது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி இருக்கிறது. அதில் நூற்றுக்கணக்கான நார்க்கற்றைகள் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டப்பட்டு, பல்லைத் தொங்கவிட்டிருக்கின்றன. முறுக்கைக் கடிக்கும்போது வரும் அதிர்ச்சியை எலும்புக்கு அப்படியே அனுப்பாமல் தாங்கிக்கொள்வது இந்த ஊஞ்சல்தான். மேலே இருக்கும் ஈறும் இதேபோன்ற நார்களால்தான் பல்லை இறுக்கிப் பிடித்திருக்கிறது.

அந்த நார்தான் கொலாஜன். முகத்துக்கு க்ரீம், பவுடர் என்று இன்ஸ்டாகிராமில் விற்கிறார்களே, அதே பெயர்தான்! மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட முப்புரிக் கயிறு அது. அந்த முறுக்குதான் அதன் பலம். நம் வயிற்றில் சோறு, பருப்பு, கறி எல்லாவற்றையும் செரிக்கவைக்கும் சாதாரண புரத நொதிகளால்கூட, முறுக்குக் கலையாத கொலாஜனை லேசில் வெட்ட முடியாது.

அப்புறம் ஈறில் மட்டும் எப்படிக் கரைகிறது?

தவளைக்குஞ்சின் வால் எங்கே போச்சு?

இந்தக் கேள்விக்கான பதில் பல் மருத்துவமனையில் கிடைக்கவில்லை. தவளையிடம் கிடைத்தது.

குளத்தில் தலைப்பிரட்டை பார்த்திருப்பீர்கள். நீளமான வாலோடு நீந்தும். தவளையாக மாறும்போது அந்த வால் அறுந்து விழுவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து உடம்புக்குள்ளேயே போய்விடும். வால் முழுக்கக் கொலாஜன். அதைக் கரைப்பது எது? அமெரிக்காவில் ஜெரோம் கிராஸ், சார்லஸ் லாபியேர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், வாலின் சிறு துண்டுகளை எடுத்து கொலாஜன் ஜெல் மீது வைத்துப் பார்த்தார்கள். துண்டைச் சுற்றியிருந்த ஜெல் கரைந்து, தெளிவான வளையமாக ஆனது. உயிருள்ள வால் திசுவே கொலாஜனை வெட்டும் நொதியைச் சுரக்கிறது என்று 1962-ல் அறிவித்தார்கள்.

அடுத்த நான்கே வருடங்களில், 1966-ல், மனித ஈறுத் திசுவிலும் அதேபோல கொலாஜனைக் கரைக்கும் திறன் இருப்பதாக ஃபுல்மர், கிப்சன் இருவரும் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அதாவது தலைப்பிரட்டை வாலைக் கரைக்கிற அதே வகைக் கத்தரி, நம் வாயிலும் இருக்கிறது.

இந்தக் கத்தரிக் குடும்பத்துக்கு மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டினேஸ் என்று பெயர். வாயில் நுழையாது, அதனால் சுருக்கமாக எம்.எம்.பி. நடுவில் ஒரு துத்தநாக அணு உட்கார்ந்திருக்கும், பெயரில் 'மெட்டல்' வருவது அதனால்தான். மனித உடம்பில் 23 வகை எம்.எம்.பி-க்கள் உண்டு. ஈறு விஷயத்தில் முக்கியமான ஆள், எம்.எம்.பி-8. இது கொலாஜன் கயிற்றை அதன் நீளத்தில் முக்கால் பங்கும் கால் பங்குமாக, குறிப்பிட்ட ஓர் இடத்தில் வெட்டும். ஒரே வெட்டு. அதற்குப் பிறகு நம் உடம்புச் சூட்டிலேயே முறுக்கு தானாகக் கலைந்து, கயிறு வெறும் ஜெலட்டினாகத் தளர்ந்துவிடும். ஆட்டுக்கால் சூப் ஆறியதும் கொழகொழவென்று உறையுமே, அதில் இருக்கிற ஜெலட்டின்தான். தளர்ந்த துண்டுகளைப் பொடியாக்க எம்.எம்.பி-9 போன்ற மற்ற கத்தரிகள் வரிசையில் நிற்கும்.

இவை கெட்டவை கிடையாது. இவை இல்லாமல் குழந்தை வளர முடியாது, காயம் ஆற முடியாது. பழைய நார்களை வெட்டினால்தானே புதிய நார் கட்ட முடியும்? ஆரோக்கியமான ஈறில்கூட இந்த வெட்டுவதும் கட்டுவதும் தினமும் நடக்கிறது. கணக்கு சரியாக இருக்கும்வரை வெளியே எதுவும் தெரியாது.

சைரன் அடிப்பது யார்?

கணக்கு எப்போது தப்புகிறது என்றால், பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் கிருமிப் படலம் சேரும்போது. நகத்தால் பல்லைச் சுரண்டினால் வெள்ளையாக, மாவு மாதிரி வருமே, அதுதான். பல் மருத்துவர்கள் பிளாக் என்பார்கள். அதில் இருக்கும் பாக்டீரியாக்களின் மேலுறைப் பொருள்கள் ஈறின் செல்கள் மேல் பட்டவுடன், அந்தச் செல்கள் ஆபத்து என்று புரிந்துகொண்டு ரசாயனச் செய்திகளை அனுப்ப ஆரம்பிக்கும். அவைதான் அழற்சி சமிக்ஞைகள். இன்டர்லூக்கின்-1 பீட்டா, டி.என்.எஃப் ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-6, புராஸ்டாகிளாண்டின் இ2 என்று ஒரு பட்டாளம். பெயர்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. சைரன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சைரன் கேட்டதும் ரத்தக்குழாய்கள் விரியும். ஈறு சிவந்து வீங்குவது, லேசாகத் தொட்டாலே ரத்தம் வருவது எல்லாம் இந்தக் கட்டத்தில்தான். வெள்ளையணுக்களில் முன்வரிசைச் சிப்பாய்களான நியூட்ரோஃபில்கள் ரத்தத்திலிருந்து கிளம்பி ஈறு வழியாக வாய்க்குள் வரும். சாதாரண நாள்களிலேயே நிமிஷத்துக்கு சுமார் 30,000 நியூட்ரோஃபில்கள் இப்படி வாய்க்குள் வந்து சேர்கின்றன என்று 1970-லேயே கணக்கிட்டிருக்கிறார்கள். சைரன் அடித்தால் கூட்டம் இன்னும் கூடும்.

இந்தச் சிப்பாய்கள் எம்.எம்.பி-8-ஐ உள்ளேயே சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டித் தயாராக வைத்திருக்கும். புதிதாகச் செய்யவேண்டிய அவசியமே இல்லை. சமிக்ஞை கிடைத்ததும் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டியதுதான். குறுகலான தெருவில் தீப்பிடித்தால், தீயணைப்பு வண்டி உள்ளே போக காம்பவுண்டு சுவரை இடிப்பதில்லையா? அதுபோல, வழியில் இருக்கும் கொலாஜன் நார்களை வெட்டிக்கொண்டே கிருமியை நோக்கி வருகின்றன.

இதுகூடப் பரவாயில்லை. எனக்கு ரொம்ப ஆச்சர்யமாக இருந்தது அடுத்து நடப்பதுதான். ஈறுக்குள் ஃபைப்ரோபிளாஸ்ட் என்று ஒரு செல் இருக்கிறது. கொலாஜனைத் தயாரிப்பதே அதன் வேலை. சொல்லப்போனால் கயிறு திரிக்கும் தொழிலாளி. இன்டர்லூக்கின்-1-ம் டி.என்.எஃப்-ம் வந்து தொட்டால், அந்தத் தொழிலாளி கயிறு திரிப்பதைக் குறைத்துக்கொண்டு, எம்.எம்.பி-1, எம்.எம்.பி-3 என்ற கத்தரிகளைச் செய்ய ஆரம்பித்துவிடும்! கட்டவேண்டியவரே இடிக்கக் கிளம்பிவிட்டால், சுவர் எப்படி நிற்கும்?

கத்தரிக்கும் பூட்டு உண்டு

உடம்பு அவ்வளவு அஜாக்கிரதையானது இல்லை. எம்.எம்.பி-க்கள் பிறக்கும்போதே மூடி போட்டுத்தான் வெளியே வரும். நொதியின் ஒரு பகுதியே மடங்கி வந்து நடுவில் இருக்கும் துத்தநாகத்தை மறைத்துக்கொண்டிருக்கும். அந்த மூடி விலகினால்தான் கத்தரி வெட்டும். மூடி திறந்த பிறகும் அடக்க ஆள் இருக்கிறது. டிம்ப் என்ற நான்கு வகைப் புரதங்கள், ஒரு கத்தரிக்கு ஒன்று என்ற கணக்கில் ஒட்டிக்கொண்டு பூட்டிவிடும்.

பிரச்னை என்னவென்றால், சைரன் சத்தத்தில் கத்தரிகளின் உற்பத்திதான் கூடுகிறது. பூட்டுகள் அதே வேகத்தில் கூடுவதில்லை. நூறு கத்தரிக்கு நூறு பூட்டு இருந்த இடத்தில், ஆயிரம் கத்தரி வந்து நின்றால் எப்படி இருக்கும்? மூடியைத் திறக்கவும் ஆள்கள் கூடிவிடுகிறார்கள். நியூட்ரோஃபில்கள் கக்கும் ஆக்ஸிஜன் ரசாயனங்கள் மூடியைத் தட்டிவிடும். எம்.எம்.பி-3 மற்ற கத்தரிகளின் மூடியைத் திறந்துவிடும். ஈறு நோய்க்குப் பெயர்போன பார்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற பாக்டீரியாவும் தன் சொந்த நொதிகளால் அதே வேலையைச் செய்யும். கத்தரி நம்முடையது, மூடியைத் திறப்பதில் மட்டும் எதிராளிக்கும் கை இருக்கிறது!

இதற்கு எதிர்த்திசையிலும் சமிக்ஞைகள் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். டி.ஜி.எஃப் பீட்டா என்ற ஒன்று வந்தால் பூட்டுகள் கூடும், கொலாஜன் உற்பத்தி கூடும். 'சரி, போதும், வீட்டுக்குப் போங்க' என்கிற அமைதிச் செய்தி அது. காயம் ஆறும்போது அதன் கை ஓங்கும். ஆனால் படலம் அங்கேயே இருக்கும்வரை சைரன் நிற்காது. அமைதிச் செய்தி சத்தத்தில் அமுங்கிப்போகும்.

இதில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. வெட்டுப்பட்ட கொலாஜனின் துண்டுகளே புதிய நியூட்ரோஃபில்களை ஈர்க்கும். உடைந்த புரதங்களும் கசியும் ரத்தமும் பார்ஃபைரோமோனாஸ் போன்ற கிருமிகளுக்குச் சாப்பாடு. ஆக, சண்டை நடக்க நடக்க எதிரிக்கு விருந்து, நம் பக்கம் இன்னும் கூட்டம். சுழற்சி தானாக ஓட ஆரம்பித்துவிடுகிறது.

எலும்பு தனிக்கதை. சுருக்கமாகச் சொன்னால், அதே சைரன் 'ரேங்க்எல்' என்ற இன்னொரு செய்தியைக் கிளப்ப, எலும்பைத் தின்னும் செல்கள் விழித்துக்கொள்கின்றன. நார் போனதும் எலும்பும் இறங்கும். எனக்கு அளந்த அந்த 'அஞ்சு' மில்லிமீட்டர், இப்படி உண்டான பள்ளம். 1 முதல் 3 வரை இருந்தால் கவலை இல்லை. 4-ஐத் தாண்டினால் பிரஷ் அடிவரை எட்டாது.

பிரஷ்ஷைக் கீழே வைத்த 12 பேர்

இதெல்லாம் நடக்க எத்தனை நாள் ஆகும்? இதற்கும் ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. 1965-ல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹெரால்டு லோ என்ற பேராசிரியர், ஈறு ஆரோக்கியமாக இருந்த 12 பேரைப் பல் தேய்ப்பதை நிறுத்தச் சொன்னார். 10 முதல் 21 நாள்களுக்குள் 12 பேருக்கும் ஈறு வீக்கம் வந்துவிட்டது. மறுபடி தேய்க்க ஆரம்பித்ததும் சுமார் ஒரு வாரத்தில் எல்லோருக்கும் சரியாகிவிட்டது.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர்கள் இன்னும் ஒருபடி மேலே போய்ச் சொல்கிறார்கள். படலம் சேர ஆரம்பித்து ஒரு வாரம் ஆகும் முன்பே, அழற்சி வந்த அந்தச் சின்னப் பகுதிக்குள் இருக்கும் கொலாஜனில் 60 முதல் 70 சதவிகிதம் வரை காணாமல் போயிருக்கும் என்று 1976-ல் பேஜ், ஷ்ரோடர் எழுதினார்கள். ஒரே வாரம்! ஆனாலும் இந்தக் கட்டம்வரை எல்லாமே திரும்பக் கட்டக்கூடியது. ஜிஞ்சிவைட்டிஸ் என்கிற ஈறு வீக்கம் இது. பல்லைப் பிடித்திருக்கும் நாரும் எலும்பும் போக ஆரம்பித்தால் அதன் பெயர் பெரியோடான்டைட்டிஸ். அங்கிருந்து முழுதாகத் திரும்பி வர முடியாது. நிறுத்த மட்டும்தான் முடியும்.

வாஷ்பேசினில் தெரியும் ரத்தம் பெரும்பாலும் முதல் கட்டத்திலேயே வருகிறது. அதாவது வண்டியைத் திருப்ப இன்னும் இடம் இருக்கும்போது. நான் அந்த இடத்தில் பிரஷ்ஷை நிறுத்தியது, சைரனை அடிக்கவைக்கும் கிருமிகளுக்கு நானே வாடகை இல்லாமல் வீடு கொடுத்த மாதிரி.

மலையகத்தில் அளந்த பற்கள்

'எங்க தாத்தா பல்லே தேய்க்கல, 80 வயசுலயும் கரும்பு கடிச்சாரு' என்று ஒரு கமென்ட் நிச்சயம் வரும். பொய் என்று சொல்ல மாட்டேன். ஏனென்றால், அந்தத் தாத்தாக்களையும் அளந்திருக்கிறார்கள்.

அதே ஹெரால்டு லோவின் குழு 1970-ல் இலங்கையின் இரண்டு தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தது. 480 ஆண் தொழிலாளர்கள். எல்லோரும் மலையகத் தமிழர்கள். பல் நோய்த் தடுப்போ சிகிச்சையோ அவர்களை எட்டிப்பார்த்ததே இல்லை. பிரஷ் பழக்கமும் கிடையாது. ஏறக்குறைய எல்லோர் பல்லிலும் படலமும் காரையும் அப்பியிருந்தன. 1985 வரை ஆறு முறை பரிசோதித்தார்கள். கடைசிப் பரிசோதனையில் முதலில் பார்த்தவர்களில் 161 பேர் இருந்தார்கள்.

எல்லோருக்கும் ஒரே அளவு அழுக்கு என்றால், ஒரே அளவு பாதிப்பு வர வேண்டும்தானே? வரவில்லை. சுமார் 8 சதவிகிதம் பேருக்குப் பல்லின் பிடிமானம் வேகமாகப் போனது. 81 சதவிகிதம் பேருக்கு நடுத்தரமாக. 11 சதவிகிதம் பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி எதுவும் நகரவே இல்லை. 35 வயதில் முதல் பிரிவினர் சராசரியாக 9 மில்லிமீட்டர் பிடிமானத்தை இழந்திருந்தார்கள். நடுப்பிரிவினர் 4 மில்லிமீட்டர். கடைசிப் பிரிவினர் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.

கரும்பு கடித்த தாத்தா, அந்த 11 சதவிகிதத்தில் ஒருவர். அவ்வளவுதான். அவருக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும் என்று நம்பிப் பந்தயம் கட்டினால், தோற்பதற்கான வாய்ப்பு பத்துக்கு ஒன்பது.

ஈறு நோய் பற்றிய பாடப்புத்தகங்களில் இந்த ஆய்வு இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் வாசிக்கும்போது மனசு கொஞ்சம் நெருடியது உண்மை. தேயிலை பறித்து வாழ்ந்த நம் ஆட்களுக்கு யாரும் பிரஷ் கொடுக்காததால்தான், 'சிகிச்சையே இல்லாவிட்டால் என்ன ஆகும்' என்று உலகம் தெரிந்துகொண்டது.

சரி, ஒரே மாதிரி படலம் இருந்தும் ஏன் இந்த வித்தியாசம்? பதில் மறுபடி சைரனுக்கே வருகிறது. ஒரே கிருமிக்கு ஒருவர் உடம்பு லேசாகக் குரல் கொடுக்கும், இன்னொருவர் உடம்பு ஊரையே கூட்டும். பரம்பரைக்கு இதில் பங்கு உண்டு. 1997-ல் இன்டர்லூக்கின்-1 ஜீனில் ஒரு குறிப்பிட்ட அமைப்பு உள்ளவர்களுக்கு நோய் தீவிரமாக இருப்பதாக ஓர் ஆய்வு வந்து பரபரப்பானது. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் அதோடு ஒத்துப்போகவில்லை. அதனால் ஜீன் டெஸ்ட்டுக்குக் காசு கட்டவேண்டாம். நம் கையில் இருக்கும் காரணங்களே போதுமான அளவுக்கு இருக்கின்றன.

முதலாவது, சர்க்கரை. ரத்தத்தில் சர்க்கரை அதிகமாகவே இருந்தால் அது புரதங்களில் ஒட்டிக்கொண்டு, அழற்சி சமிக்ஞைகளை இன்னும் தூண்டிவிடும். இது இருவழிப் பாதை. ஈறுக்கு ஒழுங்காகச் சிகிச்சை எடுத்த சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று, நான்கு மாதங்களில் ஹெச்பிஏ1சி அளவு சராசரியாக 0.4 புள்ளி அளவுக்குக் குறைகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிகிறது. வீட்டில் அப்பா, அம்மாவுக்கு சுகர் இருந்தால் கால், கண் பரிசோதனையோடு ஈறையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இரண்டாவது, சிகரெட். இது பெரிய ஏமாற்றுக்காரன். புகைப்பவர்களுக்கு ஈறில் ரத்தக்கசிவு குறைவாகத் தெரியும். 'எனக்கு ரத்தமே வரலையே' என்று சந்தோஷப்படுவார்கள். உள்ளே நாரும் எலும்பும் மற்றவர்களைவிட வேகமாகப் போய்க்கொண்டிருக்கும். எச்சரிக்கை விளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு வண்டியை ஓட்டுவது மாதிரி.

பாக்கு, பான் மசாலா பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே கதையே தலைகீழ். பாக்கில் இருக்கும் பொருள்கள் கன்னத்தின் உட்புறத்தில் கொலாஜனைக் கரையவிடாமல் குவிக்கின்றன. கன்னம் தோல்வார் மாதிரி இறுகி, கடைசியில் வாயைத் திறக்கவே முடியாமல் போகும். அது புற்றுநோயாக மாறும் அபாயமும் உண்டு. வெட்டுவதும் கட்டுவதும் சமமாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் கொடுமையான உதாரணம் தெரியவில்லை.

கத்தரியைப் பூட்டும் மாத்திரை

'அப்போ அந்த எம்.எம்.பி-யை நிறுத்த மருந்து இல்லையா?' என்று நானும் கேட்டேன். இருக்கிறது. டாக்ஸிசைக்கிளின். காய்ச்சலுக்கும் பருவுக்கும் கொடுக்கும் அதே ஆன்டிபயாட்டிக்!

1980-களில் நியூயார்க்கின் ஸ்டோனி புரூக்கில் லார்ன் கோலப் என்பவரின் குழு, சர்க்கரை நோய் உண்டாக்கப்பட்ட எலிகளின் ஈறில் கொலாஜன் கரைப்பு அதிகமாக இருப்பதையும், டெட்ராசைக்கிளின் வகை மருந்து அதைக் குறைப்பதையும் பார்த்தது. கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளிலும் அதே பலன் கிடைத்தது. கொல்ல கிருமியே இல்லாத இடத்தில் ஆன்டிபயாட்டிக்குக்கு என்ன வேலை? மருந்து நேராக நொதியைப் பிடிக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. வழக்கமான 100 மி.கி-க்குப் பதிலாக, கிருமியைத் தொடாத சின்ன அளவில், 20 மி.கி மாத்திரையாகத் தினமும் இரண்டு வேளை கொடுக்கும் முறைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1998-ல் அனுமதி தந்தது.

இதைப் படித்துவிட்டு மெடிக்கல் ஷாப்புக்குக் கிளம்பிவிடாதீர்கள். ஒன்று, கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 100 மி.கி, தேவையில்லாமல் சாப்பிட்டால் மருந்துக்கு அடங்காத கிருமிகள்தான் வளரும். இரண்டு, கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் இது ஆகாது. மூன்று, இது சுத்தம் செய்யும் சிகிச்சையோடு சேர்த்து, மருத்துவர் தேவை என்று நினைக்கும் சிலருக்கு மட்டும் தரப்படும் துணை மருந்து. படலத்தை எடுக்காமல் மாத்திரை மட்டும் போட்டால், தீயை அணைக்காமல் சைரன் ஒயரை அறுப்பது போலத்தான். எனக்கு என் மருத்துவர் எழுதித் தரவில்லை. கேட்டதற்குச் சிரித்தார்.

ரத்தம் வந்தால் என்னதான் செய்வது?

ரத்தம் வரும் இடத்தைக் கூடுதல் கவனத்தோடு தேய்க்க வேண்டும். அழுத்தி இல்லை, மென்மையான பிரஷ், பல்லும் ஈறும் சேரும் கோட்டில் சாய்வாக வைத்து, சின்னச் சின்ன அசைவுகளாக. இரண்டு வேளை. பல் இடுக்குகளுக்கு பிரஷ் போகாது. அதற்கென்று குட்டி பிரஷ்கள், ஃப்ளாஸ் நூல் இருக்கின்றன. முதல் சில நாள்கள் ரத்தம் வரத்தான் செய்யும். ஒன்றிரண்டு வாரத்தில் நிற்கவில்லை என்றால், அது வீட்டு வைத்தியத்தைத் தாண்டிவிட்டது. உப்புத்தண்ணீர் கொப்பளித்தால் இதமாக இருக்கும், ஆனால் ஒட்டிய படலத்தைப் பெயர்க்காது. கரித்தூள், உப்புக்கல் வைத்துத் தேய்ப்பது ஈறையும் எனாமலையும் சிராய்க்கும்.

படலம் இறுகி பற்காரை ஆகிவிட்டால் எந்த பிரஷ்ஷும் எடுக்காது. ஸ்கேலிங் மட்டும்தான் வழி. 'ஸ்கேலிங் பண்ணா பல்லு ஆடிடும், இடைவெளி வந்துடும்' என்று என் அத்தை இப்போதும் சத்தியம் செய்வார். உண்மை என்னவென்றால், ஈறு ஏற்கெனவே இறங்கி, நார் ஏற்கெனவே போயிருக்கும். அந்த இடத்தைக் காரை சிமென்ட் மாதிரி அடைத்துக்கொண்டிருக்கும். சிமென்ட்டை எடுத்ததும் ஓட்டை தெரிகிறது. ஓட்டை போட்டது ஸ்கேலிங் இல்லை.

உலக அளவில் தீவிர ஈறு நோய் உள்ளவர்கள் 100 கோடிக்கும் மேல் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை. இவ்வளவு பேருக்கு இருந்தும் யாரும் பெரிதாகப் பேசாததற்குக் காரணம் ஒன்றுதான். சொத்தைப்பல் நடுராத்திரியில் எழுப்பிவிடும். ஈறு எழுப்பாது. பல் ஆடும்வரை அமைதியாக இருக்கும்.

எனக்கு இரண்டு சிட்டிங்கில் வேர் வரைக்கும் சுத்தம் செய்தார்கள். மூன்று மாதம் கழித்து அதே கம்பி, அதே உதவியாளர். "மூணு... ரெண்டு... மூணு..." என்று வந்துகொண்டே இருந்தது. அந்தப் பல்லுக்கு வந்ததும் மருத்துவர் ஒரு நொடி நிறுத்தி, இரண்டாவது தடவை இறக்கிப் பார்த்தார்.

"நாலு. ரத்தம் இல்ல. அடுத்த மூணு மாசம் கழிச்சு வாங்க தம்பி, இதை மறுபடி அளந்துடலாம்."